கேன்டீன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

எங்கள் மாப்பிள்ளை பதினேழு வருசம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, குடியிருக்க மங்கலத்தில் ஒரு வீடு பிடித்தார். மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு வருசம் ஆகியிருந்தது. அதுவரை அவர் லீவில் வந்து போகிற மனிதர்தான். அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடம். சுவரில் கை வைத்தால் கை அதிரும். குடத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக ஆடிக்கொண்டே இருக்கும். திருப்பூரில் எங்கள் தெருவிலேயே காற்றோட்டமான வீடு ஒன்று காலியாக இருக்கும்போது, இதை ஏன் பிடித்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"ஏங்கண்ணு, இந்தச் சத்தத்துல மனுசன் பேசறதாவது காதுல விழுகுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"அவருக்கு இந்தச் சத்தத்துலதாம்மா தூக்கம் வருது" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பட்டாளத்துக்காரருக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டோ என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். அப்படிச் சிரித்ததை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் முப்பது வருசம் நின்றவள். டியூப் லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்து, உள்ளே கையை விட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்குவதுதான் என் வேலை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் என் மேசையைத் தாண்டிக் கப்பல் ஏறிய பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மேனேஜரே நாலு பேர் முன்னால் அதைச் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட கண் என் கண். அந்தக் கண்ணுக்குத்தான் சொந்த வீட்டில் நடந்தது ஒரு வருசம் தெரியாமல் போனது.

ரெண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருசம் ஆன சமயம் அது. தினமும் கரண்ட் போக ஆரம்பித்திருந்தது. அந்த வருசம் ஆடி நோன்புக்கு மாப்பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தோம். கல்யாணமான வருசத்து ஆடிக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. விட்டுப்போன மரியாதையை இப்போதாவது செய்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். கிடாய் வெட்டி, பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டு, பெரிய விருந்து. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி. மிசின் ஓடிக்கொண்டிருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, டிவி பாடுகிறது. மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் வைத்திருப்பார். கரண்ட் போய்விட்டது. மிசின், விசிறி, டிவி எல்லாம் ஒன்றாக அடங்கிவிட்டன.

மாப்பிள்ளை எழுந்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்கிறது. சுவரோடு முதுகை ஒட்டி நின்று வாசலையே பார்த்தார். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கைகூடக் கழுவாமல், தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

பாதி இலையில் மாப்பிள்ளை எழுந்துபோவது எங்கள் பக்கம் சாதாரணக் காரியமில்லை. அதற்கு ஒரே அர்த்தம்தான். மரியாதையில் குறை, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார். பந்தியே உறைந்துபோனது. என் வீட்டுக்காரரின் அண்ணன் விசாரணையை ஆரம்பித்தார்.

"ஈரலு யாரு இலையில உழுந்துச்சு?"

"மாப்பிள்ளை இலையிலதானுங்க" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"அப்பறம் நல்லி எலும்பு என்ர இலைக்கு எப்படி வந்துச்சு? அவருக்கல்லோ வெச்சிருக்கோணும்!"

"வந்தது தப்புத்தானுங்க. உடனே சொல்லியிருந்தா மாத்தியிருப்போம். உறிஞ்சிபோட்டு இப்பச் சொல்றீங்களே!"

அன்றைக்குச் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் பழத்தட்டு, வெற்றிலை, பட்டுக்கரை வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு மங்கலத்துக்குப் போனோம். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். வேட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எதுக்குங்க மாமா இதெல்லாம்?"

"மனசுல ஒண்ணும் வெச்சுக்கப்படாதுங்க மாப்பிள்ளை."

"ஒண்ணுமில்லீங்க மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கோபம் இன்னும் தீரவில்லை என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினோம். அப்புறம் தாராபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியிலும் அதே மாதிரி எழுந்து போனார். அடுத்து பொங்கலன்று. ஒவ்வொரு தடவையும் நாங்கள் குறை தேடினோம், தட்டு தூக்கிக்கொண்டு போனோம். அவரும் ஒவ்வொரு தடவையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். இதற்கிடையில் இரண்டு கம்பெனிகளில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து இரண்டையும் விட்டிருந்தார். அதற்கும் மரியாதைக் குறைவுதான் காரணம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவரிடம் ஏன் நேராகக் கேட்கவில்லை என்று இப்போது படிக்கிறவர்கள் கேட்கலாம். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் மாமியார் உட்காருவது எங்கள் வழக்கமில்லை. காப்பி வேண்டுமா என்பதைக்கூட மகள் வழியாகத்தான் கேட்பது. மாமனார் கேட்கலாம். ஆனால் கோபமாக இருக்கிற மாப்பிள்ளையிடம் காரணம் கேட்டால் கோபம் கூடும் என்று அவர் பயந்தார். இப்படியே ஒரு வருசம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவள் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாகப் பெருமையாகச் சொன்னாள்.

"எல்லாத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில அடுக்கி வெச்சுட்டாரும்மா. டிஸ்சார்ஜ் புக்கு, பென்சன் காயிதம், ஊட்டு வாடகைப் பத்திரம். அவரு பென்சனை என் பேருக்கு எப்படி மாத்தறது, எந்த பேங்குல போய்க் கேக்கறது, எந்தப் பாரத்துல எங்க கையெழுத்துப் போடறதுன்னு நோட்டுல எழுதியே குடுத்துட்டாரு. எவ்வளவு பொறுப்புன்னு பாரேன்."

என் கை கீரைக் காம்பில் நின்றுவிட்டது. ஆயிரம் பீஸில் ஒரு பீஸ் கைக்கு வரும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும், இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று. அந்த மாதிரி.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்தாரு?"

"மூணு நாலு தடவ. நேத்து என்னையவே திருப்பிச் சொல்லச் சொன்னாரு."

"நல்லா இருக்கற மனுசன் எதுக்குக் கண்ணு, தான் இல்லாத நாளைக்குப் பொண்டாட்டியப் பாடம் ஒப்பிக்கச் சொல்றாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருந்தாள். அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். தறி ஓடுகிற வரைக்கும் அவர் நன்றாக இருக்கிறார். கரண்ட் போய்த் தறி நின்றால் எழுந்து கதவு ஜன்னலெல்லாம் பார்க்கிறார். அவளையும் குழந்தையையும் சமையலறை மூலையில் உட்கார வைத்து, பேசாதே என்று கையைக் காட்டுகிறார். எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று தெரிந்தாலும் உடம்பு கேட்பதில்லை.

"அவருக்குக் கோவமே இல்லம்மா. பயம். பட்டாளத்துக்காரன் பயப்படறான்னு என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்?"

டாக்டரிடம் போகவில்லையா என்றேன். போனாராம். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கென்று கோயமுத்தூரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எட்டுத் தடவை போயிருக்கிறார். சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்பார்கள். பின்னால் வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பார்கள். இவர் முழங்கால் வலி என்று சொல்லிவிடுவார். முழங்காலுக்குத் தேய்க்கிற மருந்து கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் ஏழு டியூப் பிரிக்காமல் கிடக்கிறது. கடைசித் தடவை மட்டும், தூக்கம் வரவில்லை என்று எப்படியோ வாய் விட்டுச் சொல்லியிருக்கிறார். மன டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார் என்று சொல்லி ஒரு தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் நான் ஷிப்டுக்குப் போகவில்லை. டவுன் பஸ் பிடித்து மங்கலத்தில் போய் இறங்கினேன். மகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். நான் வாசலில் கால் வைக்கவும் பகல் பன்னிரண்டு மணிக் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. இரண்டு பக்கத் தறியும் நின்றது. அந்த அமைதி எனக்கே காதை அடைத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை சமையலறை மூலையில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் அதே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குச் சமமாக நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"எந்திரிக்காதீங்க மாப்பிள்ளை. என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

முழங்காலை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார். நானும் அவசரப்படவில்லை. எனக்கு நின்று பார்த்துப் பழக்கம்.

"மலை மேல எங்க போஸ்ட்டுங்க அத்தை" என்று வாசலைப் பார்த்தபடியே சொன்னார். "குண்டுச் சத்தம் வந்துட்டே இருக்கற வரைக்கும் குழிக்குள்ள குனிஞ்சிருப்போம். ஒண்ணும் ஆகாதுங்க. திடீர்னு நிக்கும். முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு எந்திரிப்போம். அப்பத்தானுங்க..." கொஞ்சம் நிறுத்தினார். "என்ர கூட ஒரு தம்பி இருந்தான். சத்தம் நின்னுச்சு. எந்திரிடா, டீயப் போடுன்னு நாந்தானுங்க சொன்னேன்."

"என்ன வயசுங்க அந்தத் தம்பிக்கு?"

"இருவத்தி மூணுங்க."

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்த மனிதர் நாங்கள் நீட்டிய வேட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்? நாங்கள் ஈரலையும் எலும்பையும் எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் எங்களை எல்லாம் எந்தக் குழிக்குள் குனிய வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மாப்பிள்ளை என்று மரியாதை வைத்திருந்தேனே தவிர, அந்த மனிதரை நான் அதுவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். தேதிக்கு இன்னும் இரண்டு மாசம் இருந்தது.

"ரெண்டு மாசம் வரைக்கும் இருப்பீங்களா மாப்பிள்ளை?"

அப்படிக் கேட்பேன் என்று எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை.

"தெரியலீங்க அத்தை."

நான் அன்று வீடு திரும்பவில்லை. இந்த மனிதரைத் தனியாக விடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. எதிர் வீட்டிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை ஊட்டுல போய் மாமியா தங்கினா ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன பேசும்?" என்று சத்தம் போட்டார்.

"பேசட்டுமுங்க. நீங்க இன்னொரு வேட்டி வாங்காம இருந்தாச் சரி."

மாசத்துக்கு ஒரு தடவை திருப்பூருக்கு மிலிட்டரி கேன்டீன் வண்டி வரும். சோப்பு, குக்கர், ரம் பாட்டில் எல்லாம் விலை குறைவாகக் கிடைக்கும். சுற்று வட்டாரத்தில் இருக்கிற பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் அன்று வந்துவிடுவார்கள். எது தவறினாலும் அது தவறாது. வரிசையை ஒழுங்கு பண்ணுகிறவர் ஒரு ஓய்வு பெற்ற சுபேதார். அவருக்கு ஆஸ்பத்திரியில் செல்வாக்கு உண்டு என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த வாரச் சனிக்கிழமை வண்டி வருகிற நாள். அதுவரை நான் அந்தத் தறிச் சத்தத்திலேயே கிடந்தேன். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை பையை எடுத்ததும் நானும் கூடக் கிளம்பினேன்.

நீளமான வரிசை. மாப்பிள்ளை கடைசியில் நின்றார். நான் நேராக முன்னால் நடந்தேன்.

"ஏனுங் ஆத்தா, ரம்மு வாங்கவா வந்தீங்க? வரிசையில வாங்கொ!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் குடிச்சா உங்க ஊரு தாங்காது சாமி. வழிய உடுங்க."

சுபேதார் வெள்ளை மீசைக்காரர். ஆணி அடித்த மாதிரி நிற்பார். அவரிடம் சீட்டைக் கொடுத்து விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மா, எல்லாத்துக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வர்றாங்க. முன்னால இருக்கறவங்க முடிஞ்சுதானே..."

"நான் பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவளுங்க" என்றேன். "பீஸ்ல ஓட்டை தெரிஞ்சா அன்னிக்கே ஒதுக்கி, அன்னிக்கே தெச்சுருவோம். அப்படியே வாஷிங் போச்சுன்னா வெரலத்தண்டி ஓட்டை கையத்தண்டி ஆயிருமுங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் தேதி போட்டிருக்குதே, மனுசனை எந்த வாஷிங்ல போட்டு எடுக்கறதுக்குங்க?"

அவர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். வரிசையின் கடைசியைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சுபேதாரின் முகம் மாறியது. அந்த நிற்கிற விதம் அவருக்குப் பழக்கமானது போலத் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்துப் பக்கம் போனார். திரும்பி வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிங்க. ஞாயித்துக்கெழமை, ஆஸ்பத்திரி லீவுதான். டாக்டரம்மா வர்றேன்னுட்டாங்க."

டாக்டர் பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். போய்ப் பார்த்தால் என் மகளைவிட இளையவள். பட்டாளத்தில் டாக்டராக இருந்தவளாம். மாப்பிள்ளை அவளைக் கண்டதும் விறைத்து நின்றார். அவளும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள். நான் வெளியே இருக்கிறேன் என்றேன். "அத்தை இருக்கட்டுமுங்க மேடம்" என்றார் மாப்பிள்ளை.

அவள் சுற்றி வளைக்கவில்லை. தூக்கம் கேட்டாள், சாப்பாடு கேட்டாள். அப்புறம், "செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதுங்களா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னால்கூட வாயில் அடிப்போம். இந்தப் பெண் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்கிறாள்.

"வருதுங்க மேடம்" என்றார்.

"எப்ப இருந்துங்க?"

சொன்னார். அவள் முகம் சுளிக்கவில்லை, புத்தி சொல்லவில்லை, ஒரு பட்டாளத்துக்காரர் இப்படியா என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அந்தச் சொல் வெளியே வந்ததும் அவருடைய தோள் இரண்டும் இறங்கியதை நான் பார்த்தேன். நான் சாமி ஆடிப் பார்த்திருக்கிறேன், தீ மிதித்துப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தச் சின்ன அறையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த மாதிரி எங்கும் ஆனதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்; இத்தனை நாளும் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை கொடுத்தாள். வாரா வாரம் வந்து பேச வேண்டும் என்றாள். கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். இது நோய், மருந்து உண்டு, நேரம் எடுக்கும், ஆனால் குறையும் என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பழைய சீட்டுகளைப் புரட்டினாள்.

"எட்டுத் தடவை வந்திருக்கீங்களே, கடைசித் தடவை வரைக்கும் எங்கிட்ட அனுப்பவே இல்லையே?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான்தான் முழங்கால் கதையைச் சொன்னேன். வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பதையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. எழுந்து போய் ஒரு பெரிய ரிஜிஸ்டரை எடுத்து வந்து பக்கம் பக்கமாக விரலை வைத்துப் படித்தாள்.

"முழங்கால். முழங்கால். இடுப்பு. முழங்கால். தலைவலி. முழங்கால்..."

படித்துக்கொண்டே போனாள். மலை மேலும் மணலிலும் நின்றுவிட்டு வந்த ஆண்கள், ஊர் ஊராக, வீடு வீடாக, டியூப்பைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீடு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாருக்கும் மனசு நோய்னு சொல்ல முடியாதுங்கம்மா. நெசமாவே முழங்கால் வலி இருக்கறவங்களும் இருப்பாங்க" என்றாள் டாக்டர். "ஆனா யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எங்கிட்ட வர்றதுக்கே வெட்கப்படறாங்க. தேதி வாங்கினவங்களும் பாதிப் பேர் வர்றதில்லை. அவங்க இடம் சும்மா போகுது, மத்தவங்களுக்குத் தேதி தள்ளுது."

"மாசத்துக்கு ஒருக்கா இவங்க எல்லாருமே தவறாம ஒரு எடத்துக்கு வர்றாங்களேங்க" என்றேன்.

"எங்கீங்க?"

"கேன்டீன் வண்டிக்கு."

மாப்பிள்ளை சிரித்தார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாசம் வண்டிக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தது. பிரஷர் பார்த்துவிட்டுத்தான் சாமான் என்று சுபேதார் உத்தரவு போட்டுவிட்டார். விலக்கு யாருக்கும் கிடையாது, சுபேதாருக்கும் சேர்த்து.

"ஒரு சோப்பு வாங்கறதுக்குப் பிரஷரு எதுக்குங்க?" என்று முணுமுணுத்தார்கள்.

"உன்ர மூஞ்சியப் பாத்தா எனக்குப் பிரஷரு ஏறுது. போய் உக்காரு" என்றார் சுபேதார்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடிக்கிற நேரத்தில் டாக்டர் தணிந்த குரலில் இரண்டே கேள்வி கேட்டாள். ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள்? தூக்கம் வராதபோது என்ன செய்கிறீர்கள்? அவ்வளவுதான். எல்லோரும் உட்காருகிறார்கள், எல்லோரும் எழுந்து போகிறார்கள். யாரிடம் என்ன கேட்டாள், யார் என்ன சொன்னார் என்று வரிசையில் நிற்பவனுக்குத் தெரியாது. கூடுதலாகப் பேச வேண்டியவர்களுக்கு, தான் ஆஸ்பத்திரிக்கு வருகிற அந்த வார நாளிலேயே வரச் சொல்லிச் சின்னத் துண்டில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாசத் தேதி என்ற பேச்சே இல்லை.

நான் மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைவிட மூத்தவர் ஒருவர், ஆஜானுபாகுவான ஆள், சண்டைக்குப் போய் வந்து முப்பது வருசத்துக்கு மேல் இருக்கும். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். டாக்டர் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. பட்டை கட்டிய கையோடு அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அவளும் கையை எடுக்கவில்லை. வரிசை நின்றது. சுபேதார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். முப்பது வருசம் ஒருவர் காத்திருந்தது ஒரு கேள்விக்குத்தானா என்று நினைத்தபோது எனக்கு அந்த மரத்தடியில் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரேயடியாகக் குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மாத்திரை ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். சில நாள் நன்றாக இருப்பார், சில நாள் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்பார். மகள் ஒரு வாரம், நான் ஒரு வாரம் என்று கூடப் போனோம். என் வீட்டுக்காரரும் ஒரு தடவை கூடப் போனார். போகும்போதும் வரும்போதும் வெள்ளாமையைப் பற்றி மட்டும் பேசினாராம். அதுவும் நல்லதுதான்.

நாலாவது மாசமோ ஐந்தாவது மாசமோ, வண்டி வந்திருந்தது. வரிசையின் கடைசியில் புதிதாக ஒருவர் நின்றிருந்தார். தலைமுடி இன்னும் பட்டாள வெட்டு. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மேசையையும் பட்டையையும் பார்த்தார். முன்னால் நின்றவரிடம் ஏதோ விசாரித்தார். சட்டென்று வரிசையை விட்டு விலகி, பையைச் சுருட்டிக்கொண்டு, பைக் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனார்.

எங்கள் மாப்பிள்ளையின் முறை வர இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவரும் வரிசையை விட்டுவிட்டார். பைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த ஆள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மாப்பிள்ளை வழி மறிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் நின்றார்கள். அப்புறம் அந்த ஆள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். சத்தம் நின்றது. மாப்பிள்ளை அவருக்கு எதிரே அசையாமல் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அந்த ஆள் இவர் பின்னாலேயே வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். இப்போதெல்லாம் நான் மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டுவிடுவேன்.

"அப்படி என்னங்க மாப்பிள்ளை சொன்னீங்க அவருகிட்ட?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க அத்தை" என்றார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அடுத்த மாசமும் நான் இங்க வருவேன்னு சொன்னேன்."